பினோதினி: பெயர் மறுக்கப்பட்ட நடிகை

வங்க மேடையில் ஏறிய முதல் தலைமுறை நடிகைகளில் தலையாயவர் பினோதினி தாசி. 1863-இல் கல்கத்தாவில் பிறந்தார். 1874-இல் முதல்முறையாக வேடம் கட்டினார். 1887 ஜனவரி 1-ஆம் தேதியோடு நடிப்பை நிறுத்திக்கொண்டார். இடையில் பன்னிரண்டே ஆண்டுகள். அதற்குள் ஏறத்தாழ எண்பது நாடகங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வேடங்கள். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் பிற்பாதியில், இருபது வயதை நெருங்கிய நேரத்தில், அவர் நம்பியிருந்த ஆண் ஊருக்குப் போய் வேறொரு பெண்ணை மணந்துகொண்டு வந்தார். இனி யாரையும் அண்டி வாழ்வதில்லை, மேடை ஒன்றே தனக்கு வீடு என்று பினோதினி முடிவெடுத்தது அப்போதுதான். அந்த முடிவிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு புதிய அரங்கம் கிடைத்தது. பினோதினிக்குக் கிடைத்தது என்ன என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். 1912-இல் வெளிவந்த 'ஆமார் கதா' என்ற அவருடைய தன்வரலாறு, இந்திய நடிகை ஒருவர் தன் தொழிலைப் பற்றித் தானே எழுதிய மிகப் பழைய நூல்களில் ஒன்று.

அவர் மேடைக்கு வந்த காலத்தில், பெண் வேடத்தைப் பெண்ணே போடுவது கல்கத்தாவுக்குப் புதிது. காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்துப் பொதுமக்களுக்கு நாடகம் காட்டும் வழக்கமே 1872 டிசம்பரில்தான் அங்கே தொடங்கியது. முதல் நாடகம் தீனபந்து மித்ராவின் 'நீலதர்ப்பணம்'. அவுரித் தோட்டத் துரைமார்கள் குடியானவர்களுக்குச் செய்த கொடுமையைச் சொல்வது. அதில் பெண் வேடங்களை ஆண்களே போட்டார்கள். மறு ஆண்டு, 1873 ஆகஸ்ட் 16-இல், பெங்கால் தியேட்டர் மைக்கேல் மதுசூதன தத்தரின் 'சர்மிஷ்டா'வைப் பெண்களை வைத்தே நடத்தியது. பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் மதுசூதனரும் ஒருவர். விதவை மறுமணத்துக்காகப் போராடிய ஈசுவர சந்திர வித்யாசாகரோ, இதை ஏற்க முடியாமல் அந்த அரங்கின் குழுவிலிருந்து விலகினார். சேர்க்கப்பட்ட நான்கு பெண்களும் விலைமகளிர் தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்பதே காரணம். குடும்பப் பெண் எவரும் மேடையேறத் துணியாத ஊரில் வேறு எங்கிருந்தும் நடிகைகள் வந்திருக்க முடியாது. கைதட்டிய அதே கூட்டம் அவர்களை வீட்டு வாசலில் நிறுத்தாது. அந்தக் காலத்து நடிகைகள் எல்லோருக்கும் இதுதான் நிலைமை.

அந்த நால்வரில் ஒருவரான கோலாப்பின் கதையைச் சற்றே சொல்ல வேண்டும். புதிதாக வந்திருந்த 1872-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி கோஷ்ட பிகாரி தத்தா என்பவர் அவரை மணந்தார். கோலாப், சுகுமாரி தத்தா ஆனார். சில காலத்தில் கணவர் இங்கிலாந்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். சுகுமாரி மேடைக்கே திரும்பினார். நாடகம் ஒன்றையும் எழுதினார். கைவிடப்பட்ட பெண்ணுக்கு மேடையே பிழைப்பாகவும் பிடிப்பாகவும் ஆனதற்கு பினோதினிக்கு முன்பே ஓர் உதாரணம் இருந்தது.

பினோதினியின் வீடு கார்ன்வாலிஸ் தெருவில் இருந்தது. பாட்டி, அம்மா, ஒரு தம்பி. தகப்பன் இல்லாத குடும்பம். வீட்டின் சில குடிசைகளை வாடகைக்கு விட்டுக் காலம் தள்ளினார்கள். வறுமை எந்த அளவுக்கு என்றால், சின்னஞ்சிறு தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்து, மணப்பெண்ணோடு வந்த நகைகளை விற்றுச் சாப்பிட்டதாக அவரே எழுதுகிறார். தம்பி சிறுவயதிலேயே இறந்துபோனான். பினோதினிக்கும் குழந்தைப் பருவத்தில் ஒரு திருமணம் நடந்தது. அந்தப் பையனை அவன் வீட்டார் அழைத்துக்கொண்டு போனதோடு அந்த உறவு முடிந்தது. அவர்கள் வீட்டில் குடியிருந்த கங்காமணி என்ற பாடகி பினோதினிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாட்டைக் கேட்க வந்தவர்கள் மூலமாகத்தான் கிரேட் நேஷனல் தியேட்டரில் வேலை கிடைத்தது. மாதம் 10 ரூபாய் சம்பளம். வயது பதினொன்றோ பன்னிரண்டோ.

1874 டிசம்பரில் முதல் வேடம்: திரௌபதியின் தோழி. சில வரிகள் மட்டுமே பேச வேண்டிய பாத்திரம். கால் நடுங்க, நெஞ்சு படபடக்கப் பேசிவிட்டு உள்ளே வந்ததையும், வெளியே கைதட்டல் எழுந்ததையும் முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து எழுதும்போதும் அவர் மறக்கவில்லை. அடுத்த நாடகமான 'ஹேமலதா'வில் கதாநாயகி வேடமே அவருக்குக் கிடைத்தது. உடம்பு சிறியது, வேடத்துக்குத் தைத்த உடை பொருந்தாது, கூட இருந்த பெரிய நடிகைகளோடு சமமாக நின்று பேச வேண்டும். அந்தப் பெண் அதையெல்லாம் விளையாட்டைப் போலக் கற்றுக்கொண்டார்.

1875-இல் அந்தக் குழு வடமேற்கே பயணம் போனது. தில்லி, லாகூர், லக்னோ. லாகூரில் ஒரு ஜமீன்தார் பினோதினியைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று தாயாரிடம் 5,000 ரூபாய் தர முன்வந்தார். குழு பயந்துபோய் அவசரமாக ஊரைக் காலி செய்தது. லக்னோவில் 'நீலதர்ப்பணம்'. பார்வையாளர்களில் வெள்ளைக்காரர்கள் நிறைய. தோட்டத் துரை ஒரு குடியானவப் பெண்ணைக் கெடுக்க முயல, தோராப் என்ற விவசாயி உள்ளே பாய்ந்து துரையை அடிக்கும் காட்சி வந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் சிலர் வாளை உருவிக்கொண்டு மேடைமீது ஏறிவிட்டார்கள். திரையை இறக்கி, நாடகத்தை நிறுத்தி, மூட்டை கட்டிக்கொண்டு குழு ஊர் திரும்பியது. நாடகம் என்பது ஆட்சியாளர்களை எவ்வளவு சுடும் என்பதற்கு மறு ஆண்டே சான்று வந்தது: 1876-ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு உடனடிக் காரணமாக இருந்ததும் கிரேட் நேஷனல் போட்ட ஒரு நையாண்டி நாடகமே.

கிரேட் நேஷனல் தள்ளாடியதும் பினோதினி பெங்கால் தியேட்டருக்குப் போனார். அதை நடத்திய சரத் சந்திர கோஷ் குதிரையேற்றத்தில் வல்லவர். மேடையிலேயே குதிரை ஏறுவார். பினோதினியும் ஏறக் கற்றுக்கொண்டார். ஒருமுறை குதிரையோடு கீழே விழுந்து பலத்த அடிபட்டும் அன்றைய நாடகத்தை முடித்துக்கொடுத்தார். பங்கிம் சந்திரரின் நாவல்கள் அந்த அரங்கில் நாடகங்களாயின. 'துர்கேசநந்தினி'யில் ஆயிஷா, திலோத்தமை என்ற இரு பெண்களின் வேடங்களையும் பினோதினி போட்டிருக்கிறார். 'மிருணாளினி'யில் வரும் மனோரமா ஒரு கணம் குழந்தை, மறு கணம் முதிர்ந்த பெண். நடிக்கக் கடினமான பாத்திரம். நாடகத்தைப் பார்க்க வந்த பங்கிம், தாளில் மட்டுமே எழுதிய மனோரமாவைக் கண்ணெதிரே காண்போம் என்று எண்ணியதில்லை என்ற பொருளில் வியந்ததாகச் சொல்வார்கள். பினோதினிக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பியிருக்காது.

அவருடைய கலையைச் செதுக்கியவர் கிரிஷ் சந்திர கோஷ். நாடகாசிரியர், நடிகர், பயிற்சியாளர் எல்லாம் அவரே. பகலில் வெள்ளைக்கார வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டு இரவில் நாடகம் போட்டவர். பிரதாப் சந்த் ஜஹுரி என்ற மார்வாடி நகை வணிகர் நேஷனல் தியேட்டரை வாங்கியபோது, 150 ரூபாய் வேலையை விட்டு 100 ரூபாய் சம்பளத்துக்கு முழுநேர மேலாளராக வந்தார். வங்க மேடை ஒழுங்கான தொழிலானது இதிலிருந்துதான். பினோதினி அவரைக் குரு என்றே சொல்கிறார். பாத்திரத்தின் மனநிலையை முதலில் விளக்கிவிட்டு, பிறகே வசனத்தை மனப்பாடம் செய்ய விடுவார் கிரிஷ். இங்கிலாந்து நடிகைகள் எப்படி நடிக்கிறார்கள் என்று நூல்களிலிருந்து சொல்லுவார். கல்கத்தாவுக்கு வரும் ஆங்கில நாடகக் குழுக்களின் ஆட்டத்தைப் பார்த்துவரச் சொல்லி, பார்த்ததைப் பற்றிக் கேள்வி கேட்பார். பள்ளிக்கூடத்தில் நெடுநாள் படித்திராத ஒரு பெண்ணுக்கு அந்த ஒத்திகைக்கூடமே கல்லூரி.

மதுசூதனரின் 'மேகநாதவதம்' காவியத்தைக் கிரிஷ் நாடகமாக்கியபோது ஒரே இரவில் பிரமீளா, சித்ராங்கதை, வாருணி, ரதி, மாயை, மகாமாயை, சீதை என ஏழு வேடங்களை பினோதினி ஏற்றார். பிரமீளா போர்க்கோலம் பூண்ட இளவரசி. சித்ராங்கதை மகனை இழந்த தாய். ரதி சிருங்காரத்தின் உருவம். உடையை மாற்றினால் போதாது, குரலும் நடையும் உட்காரும் விதமும் மாற வேண்டும். ஒப்பனையில் அவர் காட்டிய கவனம் அக்காலத்தில் பேசப்பட்டது. இந்திய உடையோடு வெள்ளைக்கார ஒப்பனை முறைகளையும் கலந்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் தோற்றம் வகுத்துக்கொண்டார்.

இத்தனை புகழ் இருந்தும் நாடகச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. அவரைப் போன்ற நடிகைகள் ஒவ்வொருவரும் பணக்கார பாபு ஒருவரின் ஆதரவில் இருந்தார்கள். தாலி கிடையாது, ஆனால் வீட்டுச் செலவு பாபுவுடையது, அந்தப் பெண் அவருடையவள் என்பது ஊரறிந்த ஏற்பாடு. பினோதினியை ஆதரித்தவர் செல்வாக்கான ஜமீன் குடும்பத்து இளைஞர், மணமாகாதவர். அவர் பெயரை பினோதினி எங்கும் எழுதவில்லை. வேறு பெண்ணை மணப்பதில்லை என்று அவர் உறுதி கூறியிருந்ததாகவும், அதை நம்பியதாகவும் மட்டும் சொல்கிறார். பிரதாப் சந்தின் அரங்கில் நடித்துக்கொண்டிருந்த நாட்களில் அந்த இளைஞர் ஊருக்குப் போனார். போன இடத்தில் திருமணம் முடிந்தது.

இந்த இடத்தில் தன்வரலாற்றின் குரலே மாறுகிறது. வஞ்சகிகள் என்று உலகம் தங்களைப் போன்ற பெண்களைத்தான் சொல்கிறது, ஆனால் முதலில் நம்பவைத்து ஏமாற்றுகிறவர் யார் என்று பினோதினி கேட்கிறார். அழுது ஓய்ந்ததும் அவர் போட்ட கணக்கு தெளிவானது. உழைத்துச் சம்பாதிக்கும் திறன் தனக்கு இருக்கிறது. மேடையில் நின்றால் தாயையும் பாட்டியையும் காப்பாற்ற முடியும். எனவே உடம்பை விற்க வேண்டிய அவசியம் இல்லை. நல்ல அரங்கம் ஒன்று நிலையாக அமைந்தால் ஆயுள் முழுக்கச் சோற்றுக்குக் கவலையில்லை. கைவிட்டவனைப் பழிவாங்க வேண்டும் என்றோ, அவன் கண்ணெதிரே புகழ்பெற்றுக் காட்ட வேண்டும் என்றோ அந்தப் பக்கங்களில் ஒரு வார்த்தை இல்லை. தன் காலில் நிற்கும் வழியைத் தேடிய பெண்ணின் யோசனை அது. இருபது வயதுப் பெண்ணிடம் அத்தனை தெளிவு இருந்தது வியக்கத்தக்கது.

அதே சமயத்தில் முதலாளியோடும் மோதல் வந்தது. விடுமுறையில் காசிக்குப் போன இடத்தில் உடம்பு சரியில்லாமல் கூடுதல் நாட்கள் தங்க நேர்ந்தது. திரும்பி வந்து சம்பளம் கேட்டபோது, வராத நாட்களுக்குப் பணம் கிடையாது என்றார் பிரதாப் சந்த். பினோதினி கோபத்தோடு வெளியேறினார். கிரிஷுக்கும் அவருடைய தோழர்களுக்கும் அந்த முதலாளியின் கெடுபிடி கசந்துபோயிருந்தது. சொந்தமாக அரங்கம் வேண்டும். பணம் யாரிடமும் இல்லை.

பணம் இருந்தது குர்முக் ராய் முசாதி என்ற இளம் மார்வாடி வணிகரிடம். அவருக்கு நாடகத்தில் ஆசை இருந்ததா என்பது வேறு விஷயம், பினோதினிமேல் இருந்தது. பினோதினி தன்னுடையவளாக வந்தால் புதிய அரங்கம் கட்டித் தருகிறேன் என்றார். நாடகத் தோழர்கள் பினோதினியிடம் வந்து மன்றாடினார்கள். இனி எவரையும் அண்டுவதில்லை என்று எடுத்த முடிவை, அந்த முடிவுக்குக் காரணமான மேடைக்காகவே கைவிடச் சொன்னார்கள். பல நாள் தவித்தபின் அவர் சம்மதித்தார்.

செய்தி அறிந்த பழைய ஜமீன்தார் இளைஞர் சும்மா இருக்கவில்லை. தான் வேறு பெண்ணை மணந்தது அவருக்குத் தவறாகப் படவில்லை. இவர் வேறிடம் போவது பொறுக்கவில்லை. அடியாட்களை அனுப்பினார். ஒருநாள் காலை வாளோடு பினோதினியின் அறைக்குள்ளேயே வந்துவிட்டார். பணம்தான் காரணம் என்றால் தானே தருகிறேன் என்றார். கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற மாட்டேன் என்று பினோதினி சொன்னதும் தலைக்குக் குறிவைத்து வாளை ஓங்கினார். பக்கத்தில் மேசை ஹார்மோனியம் ஒன்று இருந்தது. பினோதினி சட்டென்று அதன் பின்னால் குனிந்துகொண்டார். வெட்டு ஹார்மோனிய மூடியில் விழுந்து ஆழமாக இறங்கியது. மறுபடி ஓங்குவதற்குள் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கொலைகாரர் என்ற பெயர் உங்கள் குலத்துக்கு எதற்கு என்ற விதத்தில் பேசிப் பேசியே வாளைக் கீழே போடச் செய்ததாக பினோதினி எழுதுகிறார். அந்த இளைஞர் முகத்தை மூடிக்கொண்டு வெளியேறினார். இதற்குப்பின் சில காலம் பினோதினியை வெளியூர்களில் மறைத்துவைக்க வேண்டியிருந்தது.

குர்முக் ராயும் நடுவில் ஒருமுறை மனம் மாறினார். அரங்கமெல்லாம் எதற்கு, நாடகத்தை விட்டுவிட்டு வந்தால் 50,000 ரூபாயைக் கையிலேயே தருகிறேன் என்றார். நேஷனல் தியேட்டரின் மேலாளருக்கே மாதம் 100 ரூபாய் சம்பளமாக இருந்த காலத்தில் அது தலைமுறைக்கும் போதுமான பணம். பினோதினி மறுத்தார், அரங்கம் கட்டினால்தான் ஏற்பாடு என்றார். அவர் எதைத் தேடினார் என்பதில் யாருக்கேனும் ஐயம் இருந்தால் இந்த ஒரு பதிலே போதும்.

பீடன் தெருவில் நிலம் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. கட்டட வேலை இரவும் பகலும் நடந்தது. பிற்பகலில் ஒத்திகை, ஒத்திகை முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போக, பினோதினி மட்டும் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு வருவார். இருக்கைகளுக்காக மேடாக்க வேண்டிய பகுதிக்குக் கூடையில் மண் சுமந்து கொட்டினார். கூலியாட்களுக்குக் கூடை ஒன்றுக்கு இத்தனை சோழி என்று பேசி உற்சாகப்படுத்தி வேலையை முடுக்கினார். ஊரே அறிந்த நடிகை தலையில் மண்கூடையோடு நின்றார்.

அரங்குக்கு அவர் பெயரைத் தொடர்புபடுத்தியே பெயர் வைப்பதாகத் தோழர்கள் சொல்லியிருந்தார்கள். 'பி தியேட்டர்' என்று பேச்சு இருந்தது. செத்த பிறகும் தன் பெயர் நிற்கும் என்பதில் அவர் பெரும் மகிழ்ச்சி கொண்டிருந்தார். பதிவு அலுவலகத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்ததும் ஆவலோடு கேட்டார். 'ஸ்டார்' என்று பதிந்தாயிற்று என்றார்கள். விலைமகளின் பெயரில் அரங்கம் இருந்தால் மரியாதைப்பட்டவர்கள் வரமாட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன சமாதானம். அந்தப் பெண் மேடையில் தோன்றுவார் என்பதற்காகத்தான் டிக்கெட் விற்கப் போகிறது. அந்தப் பெண்ணைக் கொடுத்துத்தான் பணமே வந்தது. பெயர்ப் பலகைக்கு மட்டும் அவர் ஆகாதவர். நயமாகப் பேசித் தன்னை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்களோ என்ற கேள்வி அன்று முதல் பினோதினிக்குள் புகுந்தது. காதலன் கைவிட்டதைவிட இந்தக் காயம் ஆழமானது என்பது தன்வரலாற்றை வாசிக்கிற எவருக்கும் தெரியும். காதலனுக்காக அவர் செலவிட்ட பக்கங்கள் குறைவு. ஸ்டாருக்காகச் செலவிட்டவை அதிகம்.

1883 ஜூலை 21-இல் 'தட்ச யக்ஞம்' நாடகத்தோடு ஸ்டார் திறந்தது. கிரிஷ் தட்சன், அமிர்தலால் மித்ரா சிவன், பினோதினி சதி. நாடகம் பெரும் வெற்றி. சில மாதங்களிலேயே குர்முக் ராய்க்கு உடல்நலம் கெட்டது, குடும்பத்தாரும் நெருக்கினார்கள். அரங்கை விட்டு விலக முடிவெடுத்தபோது அதில் பாதிப் பங்கை பினோதினி பெயருக்கு எழுதிவைக்க விரும்பினார். தடுத்தவர் கிரிஷ். நிர்வாகம் உங்களுக்கு ஒத்துவராது, நாம் நடிப்போம் சம்பாதிப்போம், பொறுப்பு வேண்டாம் என்று பினோதினியின் தாயிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். 11,000 ரூபாய்க்கு அரங்கம் குழுவைச் சேர்ந்த நால்வருக்கு விற்கப்பட்டது. அந்த நால்வரில் பினோதினி இல்லை. கிரிஷ் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்லிவிட முடியாது. கூட்டாளிகளுக்குள் சண்டை வரும் என்று அவர் உண்மையாகவே அஞ்சியிருக்கலாம். ஆனால் உடைமை உள்ள நடிகைக்கும் சம்பளக்கார நடிகைக்கும் உள்ள தூரம் அந்த ஒரே பேச்சில் தீர்மானமாயிற்று. சம்பளக்காரரை மூன்றே ஆண்டுகளில் வெளியேறும் நிலைக்குத் தள்ள முடிந்தது. பங்குதாரரை அப்படித் தள்ளியிருக்க முடியாது.

அந்த மூன்று ஆண்டுகள்தான் அவருடைய கலையின் உச்சம். 1884 ஆகஸ்டில் 'சைதன்ய லீலை' அரங்கேறியது. நவத்வீபத்தின் பக்தர் சைதன்யராக, ஆண் வேடத்தில், பினோதினி. அந்த வேடம் அவரைப் பயமுறுத்தியது. மேடையேறும் நாளில் விடியற்காலை கங்கையில் நீராடி, துர்க்கையின் பெயரை 108 முறை எழுதிவிட்டே மற்ற வேலைகளைத் தொடங்குவார். பாவம் முற்றி மேடையிலேயே மயங்கி விழுவதும் உண்டு. அப்படி விழுந்த ஒருநாள், நாடகம் பார்க்க வந்திருந்த புனித சவேரியார் கல்லூரியின் லாஃபோன் பாதிரியார் திரைக்குப் பின்னால் வந்து அவரைத் தெளிவித்ததாக எழுதுகிறார். செப்டம்பர் 21-இல் ராமகிருஷ்ண பரமஹம்சரே நாடகம் பார்க்க வந்தார். முடிந்ததும் காலில் விழுந்து வணங்கிய பினோதினியின் தலையைத் தொட்டு, உனக்குச் சைதன்யம் உண்டாகட்டும் என்று ஆசி கூறினார். கல்கத்தாவின் மரியாதைப்பட்ட வீடுகள் நாடகக் கொட்டகையைப் பார்க்கும் விதம் அந்த ஓர் இரவுக்குப் பிறகு மாறத் தொடங்கியது. மறு ஆண்டு ராமகிருஷ்ணர் நோயுற்றுச் சியாம்புகூரில் இருந்தபோது கண்டவர்களை உள்ளே விடக்கூடாது என்று சீடர்கள் காவல் காத்தார்கள். பினோதினி கோட்டும் தொப்பியும் அணிந்து வெள்ளைக்காரத் துரை வேடத்தில் போய் அவரைத் தரிசித்துவிட்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் ராமகிருஷ்ணர் மகிழ்ந்து சிரித்தாராம்.

'புத்ததேவ சரித்'தில் சித்தார்த்தரின் மனைவி கோபா. எட்வின் அர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவிக் கிரிஷ் எழுதிய நாடகம் அது. தமிழில் கவிமணியின் 'ஆசிய ஜோதி'க்கு மூலமும் அதே காவியம்தான். அர்னால்ட் கல்கத்தா வந்தபோது இந்த நாடகத்தை நேரில் பார்த்துப் பாராட்டித் தம் பயண நூலில் எழுதினார். 1886-இல் 'பில்வமங்கள்'. மோகம் தலைக்கேறி ஆற்றைக் கடந்து வரும் பில்வமங்களனை ஒரு சொல்லால் இறைவன்பால் திருப்பும் கணிகை சிந்தாமணியாக பினோதினி நடித்தார். தமிழ் ரசிகர்களுக்கு இந்தக் கதை பழக்கமானது, 1937-இல் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கே. அசுவத்தம்மாவும் நடித்து ஓடோ ஓடென்று ஓடிய 'சிந்தாமணி' இதே கதைதான். கணிகை வீட்டில் பிறந்த பெண் கணிகை வேடத்தில் நின்று ஞானம் சொன்னார். அதைக் கேட்டு மனமுருகியவர்கள் பலர்.

1887 ஜனவரி 1-இல் 'பெல்லிக் பஜார்' என்ற கேலி நாடகத்தில் நடித்தார். அதுவே கடைசி. பிரிவுக்குக் காரணமாக உள்பூசல்களையும், தன்னை ஓரம் கட்டிய சூழ்ச்சிகளையும், ஸ்டார் விஷயத்தில் பட்ட ஏமாற்றத்தையும் அவர் குறிப்பிடுகிறார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஒரு பெரும் நடிகை ஓய்வுபெற்றார். அவரைத் திரும்ப அழைத்துவர எவரும் பெரிதாக முயன்றதாகத் தெரியவில்லை. அதே ஆண்டில் பீடன் தெருக் கட்டடத்தைக் கோபால் லால் சீல் என்ற செல்வந்தர் வாங்கினார். உரிமையாளர்கள் கட்டடத்தைத்தான் விற்றார்கள், பெயரை விற்கவில்லை. 1888-இல் ஹாதிபாகானில் கட்டிய புதிய அரங்குக்கு 'ஸ்டார்' என்ற பெயரை எடுத்துச் சென்றார்கள். பெயருக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மேடையை விட்ட பினோதினி, உயர்குடிப் பெரியவர் ஒருவரின் ஆதரவில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு வாழ்ந்தார். அவர் பெயரையும் நூலில் சொல்லவில்லை. கணவரைப் போல மதித்தே எழுதுகிறார். அவர்களுக்கு சகுந்தலா என்ற மகள் பிறந்தாள். மகளைப் பள்ளியில் சேர்க்க பினோதினி பாடுபட்டார். பிறப்பைக் காரணம் காட்டிக் கதவு சாத்தப்பட்டது. பிள்ளைப் பருவம் தாண்டுமுன்பே மகள் இறந்தாள். 1912-இல் அந்தப் பெரியவரும் மறைந்தார்.

எழுத்து அவருக்கு இரண்டாவது தொழிலாயிற்று. 1896-இல் 'பாசனா', 1905-இல் 'கனக் ஓ நளினி' எனக் கவிதை நூல்கள் வந்தன. தன்வரலாற்றுக்குக் குரு கிரிஷிடம் முன்னுரை கேட்டார். கிரிஷ் எழுதித் தந்தார். வாசித்துப் பார்த்த பினோதினிக்கு நிறைவில்லை. நடந்த உண்மைகள் பலவற்றை அது சொல்லவில்லை என்று திருப்பிக்கொடுத்தார். குருவாகவே கொண்டாடிய ஒருவரிடம், அதுவும் வங்க மேடையே வணங்கிய ஒருவரிடம், இது போதாது என்று சொல்லும் துணிவு இருந்தது அவருக்கு. மறுபடி எழுதித் தருகிறேன் என்று கிரிஷ் வாக்களித்தார். 1912 பிப்ரவரியில் அவரே காலமானார். முதல் பதிப்பு அந்த முன்னுரை இல்லாமலே வந்தது. பின்னாளில் இரண்டாம் பதிப்பில், தன் வருத்தத்தையும் குறிப்பிட்டு, பழைய முன்னுரையையே சேர்த்தார்.

1924-25-இல் 'ரூப் ஓ ரங்க' இதழில் மீண்டும் தம் நடிப்பு வாழ்க்கையைத் தொடராக எழுதினார். தன்வரலாற்றில் கண்ணீர் அதிகம். இந்தத் தொடரில் தொழில் அதிகம். உடை, ஒப்பனை, ஒத்திகை, பயணம், சக நடிகைகள், கொட்டகையின் அமைப்பு என்று சுறுசுறுப்பாக எழுதிக்கொண்டே போகிறார். லக்னோ இரவு உட்பட, 1870-களின் வங்க நாடகத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் சொல்லும் பல செய்திகள் அவர் நினைவிலிருந்து எழுதியவை. தொடர் முடிவடையாமலே நின்றுவிட்டது. 1941 பிப்ரவரியில் பினோதினி மறைந்தார்.

அதன்பின் அவர் வாழ்க்கை வங்கத்தில் நாடகமாகவும் ஜாத்ராவாகவும் பலமுறை மேடையேறிற்று. ரிம்லி பட்டாச்சாரியா 1998-இல் கொண்டுவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக மற்ற மாநிலங்களிலும் அவரை வாசிக்கத் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் ருக்மிணி மைத்ரா நடித்த வங்கத் திரைப்படம் வந்தது. அதற்குச் சற்று முன்பு, 2024 டிசம்பர் இறுதியில், ஹாதிபாகான் ஸ்டார் அரங்குக்கு பினோதினியின் பெயர் சூட்டப்படும் என்று மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி அறிவித்தார். 1991-இல் தீக்கிரையாகி, மாநகராட்சியால் புதுப்பிக்கப்பட்டு, 2004-இல் மறுபடி திறக்கப்பட்ட கட்டடம் அது. பினோதினி நடித்தது அந்தக் கட்டடத்தில் இல்லை. அது எழுவதற்கு ஓர் ஆண்டு முன்பே அவர் நடிப்பை விட்டிருந்தார். அவர் மண் சுமந்த பீடன் தெரு அரங்கம் எமரால்டு, கிளாசிக் என்று பெயரும் கையும் மாறி, கடைசியில் சாலை விரிவாக்கத்தில் இடிக்கப்பட்டது.